டச்சுக்காரர், டேனிஷ்காரர், பிரெஞ்சுக்காரர், நடுவில் வரிச்சிக்குடி

நாகப்பட்டினத்தில் பொறையாறு போகிற பஸ்ஸில் ஏறுங்கள். ஏறுகிற ஊர் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர்களுடையது. நாகூர் தாண்டி வாஞ்சூர் வந்ததும் சாலையோரம் 'ஒயின்ஸ்' போர்டுகள் வரிசைகட்டத் தொடங்கும். (ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும்.) புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்குள் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இந்தத் துண்டு நிலம் 1739 முதல் 1954 வரை, நடுநடுவே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த வருடங்கள் போக, பிரெஞ்சுக்காரர்களுடையது. திருமலைராயன்பட்டினம், காரைக்கால், கோட்டுச்சேரி, அப்புறம் எங்கள் வரிச்சிக்குடி, பூவம். நண்டலாறு பாலத்தைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. இன்னும் கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி. அது 1620 முதல் 1845 வரை டென்மார்க் ராஜாவின் ஊர். எல்லாம் சேர்த்து நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதுவரைக்கும் எந்தச் சுற்றுலாக் கட்டுரையிலும் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. இந்த மூன்று பேரையும் ஆங்கில மொழியின் வரலாற்றில் தேடிப் பாருங்கள். டச்சுக் கரை, டேனிஷ், பிரெஞ்சு மூன்றும் கலந்து உருவானதுதான் ஆங்கிலம். அதைச் செய்த கைகள் அத்தனையும் ஒரு காலத்தில் எங்கள் பஸ் ரூட்டில் கடை போட்டு உட்கார்ந்திருந்தன. கடைசியில் மூவரில் இருவர் கடையைக் காலி செய்ய வைத்தது அந்த மொழியைப் பேசியவர்கள்தான்.

கொஞ்சம் பின்னால் போகலாம். ஐந்தாம் நூற்றாண்டில் ரோமானியப் படை பிரிட்டனை விட்டுக் கிளம்பிய பிறகு, வட கடலைத் தாண்டி ஆங்கிள், சாக்சன், ஜூட் என்ற கூட்டத்தார் வந்து குடியேறினார்கள். இன்றைய நெதர்லாந்தின் வடகரை தொடங்கி, ஜெர்மனி வழியாக, டென்மார்க்கின் ஜட்லாந்து வரை நீளும் மணலும் சதுப்புமான கரையிலிருந்து வந்தவர்கள். அதற்கு முன்னால் அந்தத் தீவில் பேசியது கெல்டிக் மொழிகள். இன்றைய வெல்ஷ் அதன் வாரிசு. ஸ்காட்ஸை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆங்கிலத்துக்கு இன்றைக்கும் மிக நெருங்கிய சொந்தம் நெதர்லாந்தின் வடக்கே சில லட்சம் பேர் பேசுகிற ஃபிரிசியன்.

அடுத்து வந்தவர்கள் டேனிஷ்காரரும் அவர்களுடைய நார்வே பங்காளிகளும். 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் கொள்ளையை விட்டுவிட்டு உழ ஆரம்பித்தார்கள். ஆல்ஃப்ரெட் ராஜா, குத்ரும் என்ற டேனிஷ் தலைவனை 878இல் தோற்கடித்துவிட்டு அவனோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் டேனிஷ் சட்டம் செல்லும் பகுதி ஆயின. அங்கே ஊர்ப்பெயர்கள் இன்றைக்கும் 'பி' என்று முடியும். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி. எங்கள் பக்கம் வரிச்சிக்குடி, திருவேட்டக்குடி, காசாக்குடி என்று 'குடி' வருகிற மாதிரிதான். அதற்கும் குடியிருப்பு என்றே பொருள்.

டேனிஷ்காரர் கொடுத்த சொற்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஸ்கை, நைஃப், விண்டோ, ஹஸ்பண்ட், லா. இவையாவது பரவாயில்லை. 'தே', 'தெம்', 'தேர்' மூன்றுமே அவர்களுடையவை. ஒரு மொழி இன்னொரு மொழியிடம் பொருள்களின் பெயரை வாங்கும், தொழிலின் பெயரை வாங்கும். 'அவர்கள்' என்ற சொல்லைக்கூட வாங்க வேண்டும் என்றால் இரண்டு கூட்டமும் ஒரே அடுப்பில் சமைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் நம் வேற்றுமை உருபுகள் போலச் சொல்லின் வாலில் நிறைய ஒட்டுகள் இருந்தன. டேனிஷ்காரர் மொழியிலும் இருந்தன. வேர்ச்சொற்கள் கிட்டத்தட்ட ஒன்று, வால்கள்தான் வேறு. ஒரு சாக்சன் விவசாயி டேனிஷ் பக்கத்து வீட்டுக்காரனிடம் குதிரை விற்கப் போனால், குதிரை என்பது இருவருக்கும் புரியும், வால்தான் இடிக்கும். பேரம் முடிய வேண்டும் என்றால் இருவரும் வாலை விழுங்கிவிட்டுப் பேசவேண்டியதுதான். ஆங்கிலம் இன்று இவ்வளவு மொட்டையாக இருப்பதற்கு இது ஒரு காரணம் என்று மொழியியலாளர்களில் பலர் சொல்கிறார்கள். மறுப்பவர்களும் உண்டு. ஆனால் உருபுகள் முதலில் உதிர்ந்தது டேனிஷ்காரர் நிறைந்திருந்த வடக்கில்தான் என்பது ஏட்டில் இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் வந்தது 1066இல், நார்மண்டி வில்லியம் பிரபுவோடு. அடுத்த முந்நூறு வருஷம் அரண்மனையும் கோர்ட்டும் பிரெஞ்சு, வயலும் சந்தையும் ஆங்கிலம். இந்தக் காலத்தில் பத்தாயிரம் பிரெஞ்சுச் சொற்கள் உள்ளே வந்திருக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். 1362இல் கோர்ட்டில் இனி ஆங்கிலத்தில்தான் வாதாட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! நம் ஊர்த் தமிழ் ஆட்சிமொழிச் சுற்றறிக்கைகள் சில ஆங்கிலத்தில் வருவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட சம்பவம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் 1476இல் முதல் அச்சுக்கூடம் வைத்தவர் வில்லியம் காக்ஸ்டன். அவர் 1490இல் அச்சிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் ஒரு புலம்பல் வருகிறது. தேம்ஸ் நதியிலிருந்து டச்சு நாட்டுச் சீலாந்துக்குக் கிளம்பிய வியாபாரிகள் சிலர் காற்று இல்லாமல் வழியில் கரையில் இறங்கினார்கள். அதில் ஒருவர் ஒரு வீட்டில் போய் முட்டை கேட்டார். அவர் சொன்னது 'எக்ஸ்'. அந்த வீட்டம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார். வியாபாரிக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. கூட வந்தவர் 'ஐரென்' வேண்டும் என்றார். அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. 'எக்' டேனிஷ்காரர் கொண்டுவந்தது. 'ஐரென்' சாக்சன் வழிச் சொல். சொந்த நாட்டின் வடக்கத்திய சொல்லைக் கேட்டு அந்தத் தென்னாட்டு அம்மா பிரெஞ்சு என்று நினைத்தார். காக்ஸ்டனின் கவலை, இதில் எதை அச்சுக்கோப்பது என்பது. இரண்டில் 'எக்' ஜெயித்தது. இன்று இங்கிலீஷ் மீடியத்தில் எல்.கே.ஜி. பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற சொல் அது.

இப்போது நம் கரைக்கு வருவோம்.

இங்கே முதலில் ஓடியது ஆங்கிலமும் இல்லை, டச்சும் இல்லை. உடைந்த போர்த்துகீசியம். பதினாறாம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் இருந்தார்கள். அவர்கள் போன பிறகும் அவர்கள் பேச்சு துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் பாதிரியார் தமிழோடு போர்த்துகீசியமும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது அதனால்தான். அவர் ஜெர்மன்காரர், அனுப்பியது டென்மார்க் ராஜா, கரையில் பேசப்பட்டது போர்த்துகீசியம். ஆங்கிலம் எங்கே என்று கேட்டால், அவருக்கு அச்சு இயந்திரம் வந்தது லண்டனிலிருந்து, ஒரு கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் வழியாக, 1712இல். அதில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாயிற்று. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம் எல்லாம் நமக்கு அந்தப் போர்த்துகீசியம் விட்டுப்போனவை. நாம் தமிழ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம், நினைத்துக்கொள்வதில் தப்பும் இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் ஏற்றியவரும் இங்கிலாந்துக்காரர் இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ் என்ற இன்னொரு ஜெர்மன் பாதிரியார் பிறகு தஞ்சைக்குப் போய், 1780களில் அங்கேயும் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கக் காரணமாக இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த இரண்டாம் சரபோஜி அவரிடம் படித்தவர். ஆக, டெல்டாவின் முதல் ஆங்கில வகுப்பில் ஜெர்மன் வாடை அடித்திருக்கும். அந்த 'உவ்'வும் 'வ்'வும் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியை, வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. டச்சு நாகப்பட்டினம் அதற்கு வெகு முன்பே கைமாறிவிட்டது. மிச்சம் இருந்தது நடுவில் மாட்டிக்கொண்ட காரைக்கால். ஆங்கிலேயர் 1760இல் பிடித்தார்கள், கொடுத்தார்கள், மறுபடி பிடித்தார்கள். 1814 ஒப்பந்தப்படி கடைசியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் ஆங்கிலேயர் ஆட்சி, நான்காவது பக்கம் கடல். ஆனாலும் நூற்று நாற்பது வருஷம் ஆங்கிலம் எல்லை தாண்டி வந்து ஆட்சி செய்யவில்லை. பிறப்புச் சான்று பிரெஞ்சு, பத்திரம் பிரெஞ்சு, படித்தவர் போகும் ஊர் சைகோன். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலேறிப் பினாங்கும் சிங்கப்பூரும் போனவர்கள் ஆங்கிலமும் மலாயும் கற்றுக்கொண்டு வந்தார்கள். இருபது கிலோமீட்டர் வடக்கே, காரைக்காலிலிருந்து போனவர்கள் பிரெஞ்சு கற்றுக்கொண்டு வந்தார்கள்.

எங்களுக்கு ஆங்கிலம் எப்போது வந்தது? பிரெஞ்சுக்காரர் 1954 நவம்பர் 1இல் போன பிறகு. கொண்டுவந்தது டெல்லி ஃபைல்களும் சென்னைப் பாடப்புத்தகங்களும். ஆங்கிலேயர் நாட்டை விட்டே போய் ஏழு வருஷம் ஆன பிறகு, சுதந்திர இந்தியாவோடு சேர்ந்ததால் எங்களுக்கு ஆங்கிலம் கிடைத்தது. உலகத்தில் இப்படி ஆங்கிலம் நுழைந்த இடங்கள் ரொம்ப இருக்காது. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். 1965இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது: தமிழ்தான் ஆட்சிமொழி, ஆங்கிலமும் பயன்படுத்தலாம். அந்த 'உம்' எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதைக் காரைக்காலில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பார்க்கலாம். பிரெஞ்சில் மிச்சம் இருப்பது போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி, 'கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து' போர்டு, பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குக் காரைக்காலில் போடுகிற வாக்குச்சாவடி, மாதாமாதம் சில வீடுகளுக்கு வருகிற பென்ஷன்.

எங்கள் தெருவில் அப்படிப் பென்ஷன் வாங்கிய தாத்தா ஒருவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பேங்க் ஃபாரத்தில் இருக்கிற ஆங்கிலம் அவருக்குப் புரியாது, பேரன் படித்துச் சொல்வான். பாரிஸிலிருந்து வருகிற கடிதத்தில் இருக்கிற பிரெஞ்சு பேரனுக்குப் புரியாது, அவர் படித்துச் சொல்வார். நடுவில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கும்.

வட்டார வழக்குக்கு வருகிறேன். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு 1982இல் ஒரு அகராதி தொகுத்தபோது தமிழ்நாடே கொண்டாடியது. (அவருடைய கடைசிக் காலம் புதுச்சேரியில் கழிந்தது என்பதில் எங்கள் யூனியன் பிரதேசத்துக்குக் கொஞ்சம் பெருமை.) தமிழில் கோவை, நெல்லை, நாஞ்சில், எங்கள் பக்கத்து மரைக்காயர் வீட்டுத் தமிழ் என்று எல்லாவற்றையும் ரசிக்கிற நாம், ஆங்கிலம் என்றதும் 'கரெக்ட் இங்கிலீஷ்', 'தப்பு இங்கிலீஷ்' என்று இரண்டே ஜாதி வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்திலேயே அப்படி இல்லை. யார்க்‌ஷயரில் பதினைந்து வயது வரை எழுதப் படிக்கத் தெரியாமல் ஆலையில் வேலை பார்த்த ஜோசப் ரைட் என்பவர் பிறகு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியராகி, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளில் ஆங்கில வட்டார வழக்கு அகராதி கொண்டுவந்தார். அப்புறம் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரால்டு ஆர்ட்டன் 1950 முதல் 1961 வரை ஆட்களை 313 ஊர்களுக்கு அனுப்பினார். கிராமம் கிராமமாகப் போய், பிறந்த மண்ணை விட்டு நகராத வயதான விவசாயிகளாகப் பார்த்து உட்காரவைத்து, ஆயிரத்து முந்நூறு கேள்விகள் கேட்டார்கள். பசு மடியை என்ன சொல்வீர்கள், பிள்ளைகள் விளையாடுவதை என்ன சொல்வீர்கள் என்கிற மாதிரி. விளையாடுவதற்கு யார்க்‌ஷயர்க் கிழவர்கள் 'லேக்' என்றார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வந்த டேனிஷ்காரர் சொல். அதே வருஷங்களில்தான் இங்கே காரைக்காலில் பிரெஞ்சுக்கொடி இறங்கி மூவர்ணக் கொடி ஏறிக்கொண்டிருந்தது.

அப்படி ஓர் ஆள் இப்போது வரிச்சிக்குடிக்கு வந்து எங்கள் ஆங்கிலத்தைப் பதிவு செய்தால் என்ன கிடைக்கும்? எழுத்து எழுத்தாக யோசிக்காமல், வாயில் வருவதைக் கவனித்துப் பார்த்தேன். மெக்கானிக் கடையில் 'ஸ்டெப்னி'. அது 1904இல் வேல்ஸ் நாட்டு லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த டேவிஸ் சகோதரர்கள் கண்டுபிடித்த மாற்றுச் சக்கரத்தின் பெயர். பிரிட்டனில் சொன்னால் இன்று முழிப்பார்கள், இங்கே பத்து வயதுப் பையனுக்குத் தெரியும். 'டிபன்' அப்படியே. அங்கே செத்துப்போய் இங்கே காலையிலும் சாயங்காலமும் சுடச்சுட இருக்கிறது. 'ஒரு மீல்ஸ்', 'ரெண்டு ஆஃபாயில்', 'கரண்ட் போச்சு', 'ஒரு கவர்ல போட்டுக் குடுங்க'. சகலையை அறிமுகப்படுத்தும்போது 'மை கோ-பிரதர்'. இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றி எனக்கு வாதாடவே தோன்றும். மனைவியின் தங்கை வீட்டுக்காரரை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டியிருக்கிறது. உறவுக்குப் பெயர் இல்லாமல் ஒரு கல்யாணப் பந்தியில் எப்படி நிற்பது?

எல்லாத் தப்பும் வட்டார வழக்கு என்று நான் சொல்ல வரவில்லை. அரைகுறையாகப் படித்ததை வழக்கு என்று சப்பைக்கட்டு கட்டுவதும் பொய்தான். என் அளவுகோல் இது: ஒரு சொல்லை நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் கும்பகோணத்திலும் எல்லோரும் ஒரே அர்த்தத்தில் சொல்கிறார்களா? அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறதா? இருந்தால் அது வழக்கு. 'எம்.எல்.ஏ.'வை 'யெம்மெல்லே' என்கிறோம், ஏனென்றால் சொல் முதலில் எகரம் வந்தால் தமிழ் வாய் ஒரு யகரத்தைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். 'பஸ்' கடைசியில் ஓர் உகரம் ஒட்டிக்கொண்டு 'பஸ்ஸு' ஆகும், மெய்யில் சொல்லை முடிக்க நமக்கு யோசனை. 'திங்க்' என்பதைப் பல்லில் நாக்கை வைத்துச் சொல்கிறோம். அயர்லாந்திலும் ஏராளமானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர்களைக் கேட்டு 'ஐரிஷ் அக்சென்ட், எவ்வளவு இனிமை' என்பார்கள். நம்மைக் கேட்டு கோச்சிங் சென்டருக்கு அனுப்புவார்கள். வித்தியாசம் நாக்கில் இல்லை.

இந்தியாவில் பேசும் ஆங்கிலத்தை ஒருவர் ஏற்கெனவே கணக்கெடுத்திருக்கிறார், அதுவும் நம் டெல்டாவில் இருந்துகொண்டு. ஆர்தர் பர்னெல் தஞ்சாவூரில் மாவட்ட நீதிபதியாக இருந்தவர், அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். ஹென்றி யூலோடு சேர்ந்து அவர் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி 1886இல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1882இலேயே காலமாகிவிட்டார். இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குள் போன சொற்களுக்கு இன்றைக்கும் எல்லோரும் முதலில் புரட்டுவது அதைத்தான். தமிழிலிருந்து போனதில் பெரிய பயணம் கட்டுமரத்துடையது. மண்டபத்தூர், காளிக்குப்பம் கரையில் மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி அலைமேல் ஏற்றிய அந்தப் பெயர், பதினேழாம் நூற்றாண்டிலேயே மாலுமிகள் எழுத்தில் ஏறிவிட்டது. பிறகு அமெரிக்காவில் இரண்டு உடல் உள்ள பாய்மரப் படகுக்கு அதையே வைத்தார்கள். இன்று கோடீஸ்வரர்கள் 'கேட்டமரான்' வாங்குகிறார்கள். எங்கள் குப்பங்களில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் அருகிப்போய், கரை முழுக்க 'பைபர் போட்டு'. சொல்லை ஏற்றுமதி செய்துவிட்டு ஒரு சொல்லை இறக்குமதி செய்துகொண்டோம், பொருளையும் சேர்த்து.

சிங்கப்பூரில் தெருமுனைச் சிறு கடைக்கு 'மாமா ஷாப்' என்று பெயர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன நம் மாமாக்கள்தான் அந்தச் சொல். அங்கே 2000இல் நல்ல ஆங்கிலம் பேசுங்கள் என்று அரசே ஓர் இயக்கம் தொடங்கிப் பார்த்தது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2016இல் 'ஐயோ'வைச் சேர்த்துக்கொண்டது. எது எதைத் திருத்தியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் இப்போது புதிதாக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வரிச்சிக்குடியிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் திருவேட்டக்குடி. அங்கே என்.ஐ.டி. புதுச்சேரி இருக்கிறது, 2010இல் தொடங்கியது. என்.ஐ.டி. வழக்கப்படி பாதி இடம் வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்கு. ஆந்திரா, பீகார், வங்காளம், கேரளா என்று ஒவ்வொன்றும் ஓர் ஆங்கிலத்தோடு வந்து டீக்கடையில் நிற்கும். டீ மாஸ்டருக்கு இந்தி தெரியாது, பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருப்பது ஆங்கிலம், ஆனால் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆங்கிலம். 'அண்ணா' அதில் கட்டாயச் சொல், பீகார்ப் பையனும் அப்படித்தான் கூப்பிடுவான். சர்க்கரை போடாத டீக்கு 'வித்தவுட்டு'. கட்டிக்கொண்டு போக 'பார்சல்'. ஒருநாள் சாயங்காலம் பால் தீர்ந்துவிட்டது. மாஸ்டர் சொன்னார்: "மில்க் நோ. ஃபைவ் மினிட். மில்க் கம்."

கண்ணாடி போட்ட பையன், எம்.டெக். படிக்கிறவன், ஃபோனில் ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை அசல் கான்வென்ட் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தவன், ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஓகே அண்ணா. பால் கம், ஐ கம்."

காலமும் இடமும் காட்டுகிற வால் ஒன்றுகூட மிச்சமில்லை. பால் வந்தது, அவனும் வந்தான்.